வாத்தியார் இல்லாமல் கற்ற கிட்டாரை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க

ராயபுரம், பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் கிட்டார் வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் வகுப்புக்குப் போனதில்லை. சர்ச் கொயரில் வாசிக்கும் அண்ணன் கையைப் பார்த்து நாலு கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் விரல்பிடி), யூடியூபில் இன்னும் நாலு, மிச்சமெல்லாம் காதால் பிடித்தது. இப்படி வந்த வாசிப்பு மட்டமானது அல்ல. காது கூர்மையாக இருக்கும், பாட்டைக் கேட்டதும் கை போகும். ஆனால் ஓட்டைகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் விழுகின்றன. தாளம் முந்திக்கொண்டு ஓடும். கை செய்கிற வேலைக்குப் பெயர் தெரியாது. பாடகர் சுருதியை மாற்றினால் கை நின்றுவிடும்.

தனக்காக வாசிக்கிற வரை இதையெல்லாம் சமாளித்துக்கொண்டு போகலாம். தெருப் பிள்ளைகள் "மாஸ்டர், எனக்கும் சொல்லிக்கொடுங்க" என்று வந்து நின்றால் சமாளிக்க முடியாது. உங்கள் ஓட்டை அப்படியே அவர்கள் கைக்கு இறங்கும். அதனால் கற்கும்போதே, நாளைக்கு இன்னொருவருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடு கற்பது நல்லது.

முதலில் கிட்டார்

புதிதாகத் தொடங்குகிறவர் பாதியில் விடுவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஆக்‌ஷன். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். 12-ஆம் ஃப்ரெட்டின் மேல்விளிம்புக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளிதான் அது. ஸ்டீல் ஸ்கேலால் அதை அளந்து பாருங்கள். தடித்த ஆறாம் கம்பியில் 2.5 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் 2 மி.மீ. இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். மலிவு கிட்டார்களில் இது 4 மி.மீ. வரைகூட இருக்கும். அதில் எஃப் கார்டு பிடிக்கச் சொன்னால் பழகிய கையே திணறும்.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. கழுத்தின் வளைவை முதலில் பாருங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடலோடு சேரும் 14-ஆம் ஃப்ரெட்டில் ஆறாம் கம்பியை அழுத்தினால், 7-ஆம் ஃப்ரெட் அருகே சுமார் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. அதைவிட அதிகமானால் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை ஆலன் கீயால் வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று திருப்பி, மறுபடி ட்யூன் செய்து அளக்கவும். ஒரே மூச்சில் அரைச் சுற்று போடக் கூடாது. மரம் இழுபட்டு நிலைகொள்ள நேரம் வேண்டும். இறுகி நின்றால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்தது நட், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடி போட்ட பட்டை. மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் ஒரு தாள் கனத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் நட்டின் காடி உயரம். அதை ஆழப்படுத்தக் கம்பியின் கனத்துக்கு ஏற்ற தனி அரம் வேண்டும், கையில் கிடைத்த பிளேடால் கீறாதீர்கள். கடைசியாக சாடில், மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற மரத்துண்டில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பட்டை. 12-ஆம் ஃப்ரெட்டில் 1 மி.மீ. குறைய வேண்டுமானால் சாடிலின் அடியில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும், ஏனென்றால் 12-ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுவில் இருக்கிறது. சமமான கிரானைட் கல்லின் மேல் 180-ஆம் நம்பர் உப்புத்தாளை விரித்து, சாடிலை நேராக நிறுத்தித் தேயுங்கள். சாய்ந்தால் ஒரு பக்கக் கம்பிகள் இரையும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் போட்டுப் பார்ப்பதே வழி. தேய்த்ததை ஒட்ட முடியாது.

கம்பி வாங்கும்போது 0.010 அங்குலக் கனத்தில் தொடங்கும் செட்டைக் கேளுங்கள். 0.012 செட்டின் ஒலி கனமாக இருந்தாலும் தொடக்கக் கைக்கு அது தண்டனை. நைலான் கம்பி போட்ட கிட்டாரில் ஸ்டீல் கம்பியை மாட்டவே கூடாது. அந்த இழுவிசைக்கு பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும். பழைய கிட்டார் வாங்குகிறவர் பிரிட்ஜுக்குக் கீழே ஒரு தாள் நுழைகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ள வீடுகளுக்கு இன்னொரு தொல்லை, கடற்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும், முதல் இரண்டு கம்பிகளில்தான் அது முதலில் தெரியும். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து வையுங்கள். அப்படியும் தினமும் வாசிக்கிறவருக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் மாற்ற வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை சற்று உப்பும், ஆக்‌ஷன் ஏறும். அது நிரந்தரம் அல்ல. மழைக்காலத்தில் சாடிலைத் தேய்த்துவிட்டால் மாசியில் கம்பி இரையும். வெயில் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் கிட்டாரைப் போட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அந்தச் சூட்டில் பிரிட்ஜின் பசை இளகும். தரையோரம், உள்சுவர்ப் பக்கம், பையில் போட்டு நிறுத்தி வையுங்கள்.

ட்யூனிங்குக்கு போன் ஆப் போதும், ஆனால் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோர வீட்டில் போனின் மைக் தடுமாறும். கிட்டாரின் தலையில் மாட்டும் கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை வாங்குவதால் வெளிச்சத்தம் அதைத் தொடாது. வகுப்பு எடுக்கப் போகிறவருக்கு அது அவசியம். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சுருதிக்கு வரவேண்டும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கியரில் தளர்வு மிஞ்சி, இரண்டு நிமிடத்தில் இன்னும் இறங்கிவிடும்.

வலது கை முதலில்

தானாகக் கற்கிறவர் முதல் மாதம் முழுக்கக் கார்டு சேர்ப்பார். இடது கையில் இருபது கார்டு, வலது கையில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே அடி. இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பின் அழுத்தமான கருத்து. தவறான கார்டைச் சரியான தாளத்தில் வாசித்தால் கூட இருக்கிறவர்கள் பாட்டைத் தொடர முடியும். சரியான கார்டு தாளம் தவறி விழுந்தால் பாட்டே நின்றுபோகும்.

இடது கை விரல்களைக் கம்பிகளின் மேல் அழுத்தாமல் படுக்க வைத்து ஒலியை அணைத்துவிடுங்கள். சீராகத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வையுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு அசையாக "தகதிமி தகதிமி" என்று வாயால் சொல்லுங்கள். த, தி இரண்டுக்கும் கை கீழே. க, மி இரண்டுக்கும் கை மேலே. மணிக்கட்டு ஆடினால் போதும், முழங்கை பூட்டிக்கொள்ளக் கூடாது. 0.46 அல்லது 0.60 மி.மீ. கனமுள்ள பிக் (கம்பியை அடிக்கும் சிறு தகடு) எடுத்து, நுனி சுமார் அரை செ.மீ. மட்டும் வெளியே தெரியும்படி பிடியுங்கள்.

இது வந்த பிறகு, கையை நிறுத்தாமல் சில அசைகளில் மட்டும் கம்பியைத் தொடாமல் விடுங்கள்: "த - தி மி, - க தி மி". எட்டில் இரண்டாவதும் ஐந்தாவதும் வெற்று. மெல்லிசையிலும் சர்ச் பாட்டிலும் நாலு தட்டுத் தாளத்துக்கு மிகப் பரவலாக ஓடும் அடி இதுதான். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஐந்தாம் அசை. அங்கே அடி இல்லை என்பதால் கையும் நின்றுவிடும், ஆறாவது அசை அவசரமாக வந்து விழும். கை காற்றில் கீழே போய் வர வேண்டும். அடிக்கிறதா இல்லையா என்பதுதான் மாறுகிறது, ஆட்டம் மாறுவதில்லை.

நம் பக்கம் இதோடு நிற்க முடியாது. குத்துப் பாட்டும் கானாவில் பாதியும் "தகிட தகிட" என்று மூன்று மூன்றாக ஓடுகிறவை. கையைக் கீழ்-மேல் என்று மாற்றி மாற்றி ஆட்டினால் இரண்டாவது "த" மேலடியில் வந்து விழும், அழுத்தம் காணாமல் போகும். அதற்கு வழி, ஒவ்வொரு தகிடவையும் கீழ்-மேல்-கீழ் என்றே அடிப்பது. "ட"வின் கீழடி முடிந்ததும் கை சட்டென்று மேலே திரும்பி அடுத்த "த"வுக்கு இறங்க வேண்டும். மெதுவாகச் செய்யும்போது இது நொண்டுவதுபோல் இருக்கும். வேகம் கூட்டும்போது டோலக்கோடு பூட்டிக்கொள்ளும்.

கார்டு: எதை எடுக்கிறோம் என்பதைவிட எதை விடுகிறோம்

கார்டு மாற்றும்போது எல்லா விரலையும் தூக்கிவிட்டு மறுபடி தேடுவது தானாகக் கற்றவரின் அடையாளம். எந்த விரல் நகர வேண்டியதில்லை என்று பார்த்துக் கற்பது நல்லது. மோதிர விரலை இரண்டாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் ஊன்றுங்கள். ஜி, சி ஆட் 9, டி, ஈ மைனர் 7 ஆகிய நான்குக்கும் அது அங்கேயே நிற்கும். டி தவிர மற்ற மூன்றிலும் சுண்டுவிரலும் முதல் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் அப்படியே இருக்கும். ஆட்காட்டியும் நடுவிரலும் மட்டும் இடம் மாறுகின்றன. அதேபோல் ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர்கிறது, மூன்றாம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு.

இரண்டு கார்டை எடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். 30 வந்தால் மெதுவான பாட்டுக்குப் போதும். 60 வந்தால் அந்த ஜோடியை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

விரல் ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் இரண்டு மடங்கு பலம் வேண்டும், அப்படியும் இரையும். விரல்நுனி வலி இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் அது வேறு. கிட்டார் சரிந்திருக்கிறது, அல்லது கட்டைவிரல் கழுத்தை நெரிக்கிறது. உடனே நிறுத்தி, உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். ஒரே மணி நேரத்தை இழுத்துப் பிடிப்பதைவிட காலையில் 15 நிமிடம், இரவில் 15 நிமிடம் சீக்கிரம் பலன் தரும்.

எஃப் கார்டுக்கு எல்லோரும் முதல் ஃப்ரெட்டிலேயே மோதுகிறார்கள். நட்டுக்குப் பக்கத்தில் கம்பி மிக விறைப்பாக இருப்பதால் பார் (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துவது) பிடிக்க அதைவிடக் கடினமான இடம் இல்லை. அதே வடிவத்தை 5-ஆம் ஃப்ரெட்டில் பிடியுங்கள், அது ஏ மேஜர். அங்கே சுத்தமாகக் கேட்ட பிறகு வாரம் ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். ஆட்காட்டி விரலை மட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கம் சற்றே சாய்த்தால் எலும்பு ஓரம் கம்பியில் படும்.

சுருதி, கட்டை, கேப்போ

இணையத்தில் கிடைக்கும் கார்டுகளை நம்பித் தொடங்காதீர்கள், பாதி வேறு சுருதியில் இருக்கும். பாட்டின் பல்லவி எந்த ஸ்வரத்தில் வந்து அமைதியாக நிற்கிறதோ அதை வாயால் இழுத்துப் பிடித்து, ஆறாம் கம்பியில் தேடுங்கள். அதுதான் 1. அங்கிருந்து எண்ணி 4, 5, 6-ஆம் ஸ்வரங்களில் அமையும் கார்டுகளை, 6-ஐ மட்டும் மைனராக, போட்டுப் பார்த்தால் பெரும்பாலான பாட்டின் எலும்புக்கூடு வந்துவிடும். இயர்போனில் பேஸ் கிட்டாரை மட்டும் தொடர்ந்து கேட்பதும், யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குவதும் பெரிய உதவி.

ராகம் தெரிந்தவருக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. சங்கராபரணம் மேஜர் ஸ்கேல், நடபைரவி இயல்பான மைனர், சுத்த தன்யாசி மைனர் பென்டடானிக் (ஐந்து ஸ்வர மைனர்). மோகனத்தில் ம, நி இரண்டும் இல்லை. ஆகவே 1-ஆம் கார்டும் 6 மைனரும் மட்டுமே முழுக்க அதன் ஸ்வரங்களுக்குள் அடங்கும். 4-இல் ம வெளியிலிருந்து வரும், 5-இல் நி வரும். போடக் கூடாது என்பதில்லை. என்ன சேர்க்கிறோம் என்று தெரிந்து போட வேண்டும்.

பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். 1 கட்டை சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டை என்றால் அதற்கடுத்த ஷார்ப். 1½ கட்டைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு சி வடிவம். 2½ கட்டைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ, டி வடிவம். 4½-க்கு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ, ஈ வடிவம். 5½-க்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ, ஜி வடிவம். கார்டுகளை எழுத்தாக மனப்பாடம் செய்தவர் இங்கே தவிப்பார். 1, 4, 5 என்று எண்ணாகப் படித்தவர் நிமிடத்தில் மாறிக்கொள்வார்.

கொயரில் ஒரு பொறி உண்டு. கீபோர்டு வாசிக்கிற பிரதர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை +2-இல் வைத்துவிட்டு "சி-தான் வாசிக்கிறேன்" என்பார். அவர் விரல் சி, ஒலி டி. எந்தக் கட்டையில் கேட்கிறது என்று கேளுங்கள். அல்லது இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுக்கொள்ளுங்கள்.

மேடையில் பிக்கப் வைத்து ஆம்பில் இணைத்த கிட்டாரோடு மைக்கும் இருந்தால், மைக் செட்காரரிடம் எர்த் இருக்கிறதா என்று கேட்டே ஆகவேண்டும். மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை விட்டுவிட்டு இழுத்த லைனில், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் பட்டால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். தெருவில் மழை ஈரம் இருக்கும் இரவில் இது உயிர்ப் பிரச்சினை. ஆம்ப், மிக்சர் எல்லாம் எர்த் உள்ள ஒரே போர்டில் இருந்து எடுக்கப்பட்டால் மட்டும் வாசியுங்கள்.

சொல்லிக்கொடுக்கும் முன் உங்களைச் சோதித்தல்

நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை மெட்ரோனோமில் பாதி வேகத்தில் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். வேகமாக வாசிக்கும்போது மறைந்திருந்த தள்ளாட்டம் எல்லாம் மேலே வரும். அதே பாட்டைக் கேப்போ இல்லாமல் இன்னும் இரண்டு சுருதியில் வாசியுங்கள். ஆறாம், ஐந்தாம் கம்பிகளில் 12-ஆம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு ஸ்வரத்தின் பெயரையும் சொல்லுங்கள். ஆப் இல்லாமல் ட்யூன் செய்யுங்கள்: 5-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி அடுத்த கம்பியோடு சேர்ப்பது, மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாவதுக்கு மட்டும் 4-ஆம் ஃப்ரெட். பாட்டின் கார்டுகளைத் தட்டு தட்டாகக் கட்டம் போட்டு ஒரு தாளில் எழுதி, பாட்டைக் கேட்காத ஒருவரிடம் கொடுங்கள். அவரால் அதை வாசிக்க முடிந்தால் நீங்கள் சொல்லிக்கொடுக்கத் தயார். முடியாவிட்டால், எங்கே அவர் நின்றாரோ அங்கே உங்கள் அறிவும் நிற்கிறது.

வகுப்பு

மொட்டை மாடியோ சர்ச் ஹாலோ, ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வந்தால் ட்யூனிங்கிலேயே கால்வாசி நேரம் போகும். 45 நிமிடம் போதும். மாணவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே இருந்தால் உங்கள் கை இடம் வலம் மாறித் தெரியும், பிள்ளைகள் குழம்புவார்கள்.

முதல் வகுப்பில் நீங்கள் வாசித்துக் காட்டுவது ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அணைத்த கம்பியில் தகதிமி, பிறகு ஈ மைனர் என்ற ஒரே கார்டு, அதன் மேல் நீங்கள் ஒரு பாட்டைப் பாட வேண்டும். முதல் நாளே பாட்டு ஒன்றுக்குத் தாங்கள் வாசித்தோம் என்று வீட்டுக்குப் போகும் பிள்ளை மறுநாளும் கிட்டாரை எடுக்கும். வகுப்பு முடிவில் அன்றைய பயிற்சியை அவர்கள் போனிலேயே 30 விநாடி பதிவு செய்து கொடுங்கள், அவர்கள் வாசிக்கும் மெதுவான வேகத்தில்.

ஒரு வகுப்பில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள். கட்டைவிரல், முழங்கை, தாளம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் மூன்றும் சரியாகாது. எதை முதலில் எடுப்பது என்று ஐயம் வந்தால், வலியைத் தருவதை முதலில், தாளத்தை அடுத்து, ஒலிச் சுத்தத்தைக் கடைசியில். "இப்படிப் பிடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏன் என்று கேட்டால் சொல்லப் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் தேடிக்கொண்டு வாருங்கள்.

பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு 36 அங்குல கிட்டார், முடிந்தால் நைலான் கம்பி. இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளையை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். சும்மா காற்றில் கிட்டார் வாசிப்பதுபோல் செய்யச் சொல்லி, எந்தக் கை அடிக்கிறது என்று பாருங்கள். வலது கை அடித்தால் சாதாரண கிட்டாரே போதும். இடது கை என்றால் கம்பியை மட்டும் திருப்பிப் போட்டால் பற்றாது, நட்டையும் சாடிலையும் மாற்ற வேண்டும்.

கட்டணத்தை உங்கள் தெருவில் கீபோர்டு, ட்யூஷன் வகுப்புகளுக்கு என்ன வாங்குகிறார்களோ அதை ஒட்டி வையுங்கள், மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். விட்டுப்போன வகுப்புக்கு ஈடு உண்டா இல்லையா என்பதை முதல் நாளே அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. கிட்டார் வாங்க முடியாத பிள்ளைக்காக வகுப்பில் ஒரு கிட்டார் கூடுதலாக இருக்கட்டும்.

சில மாதத்தில் பெற்றோர் சர்டிஃபிகேட் கேட்பார்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் இனிஷியல், அதன் பிறகு 1 முதல் 8 வரை கிரேடுகள். அதற்கு ஐந்து கோடுகளில் ஸ்வரங்களை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்க வேண்டும். அவர்களின் ராக் அண்ட் பாப் தேர்வில் மூன்று பாட்டுகள் வாசிப்பதுதான் முக்கியப் பங்கு, அதனால் காதால் கற்றவருக்கு அது சற்று அருகில் இருக்கிறது. உங்களுக்கே நொட்டேஷன் படிக்கத் தெரியாது என்றால் முதல் நாலு ஃப்ரெட்டுக்குள் உள்ள ஸ்வரங்களிலிருந்து தினம் பத்து நிமிடம் தொடங்குங்கள். எழுதப்பட்ட ஸ்வரத்தைவிட கிட்டார் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது கைவரும் வரை கிளாசிக்கல் கிரேடு கேட்கிற பிள்ளையை அதைப் படித்த மாஸ்டரிடம் அனுப்பிவிடுங்கள். தாளமும் காதும் உங்களிடமே தொடர்ந்து கற்க அவர்களுக்குத் தடை எதுவும் இல்லை.